பெரிய முதலாளிக்கு மட்டும் ஒரு டிஸ்க்

நெல்லையம்மாள் ராஜபாளையம் ரோட்டிலிருந்த பஞ்சு மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது எழுபத்தொன்றில். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்திருந்தாள். அவளுடைய அப்பா கோயில் உக்கிராணத்தில் எண்ணெயும் நெய்யும் அளந்து கொடுக்கிறவர். அளவாகவே பேசுவார். மகளும் அப்படித்தான். அவளை வேலைக்கு எடுத்த பழைய முதலாளி, "இந்தப் பிள்ளை கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது. இங்கன அதுதான் வேணும்" என்றாராம்.

எழுபத்தொன்பதில் பழைய முதலாளி காலமானார். பதினாறாம் நாள் விசேஷத்தில் அவருடைய மகன்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ பேச்சு வந்தது. கிணற்று மோட்டார் விஷயம் என்று சிலர் சொன்னார்கள். பந்தியில் பாயசம் தீர்ந்துபோன விஷயம் என்று சிலர் சொன்னார்கள். எதுவானாலும் அன்றோடு அண்ணன் பெத்துராஜும் தம்பி செல்லச்சாமியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பஞ்சு கொள்முதலும் ஜின்னிங்கும் அண்ணன் பொறுப்பு, நூற்பும் நூல் விற்பனையும் தம்பி பொறுப்பு என்று பெரியவர்கள் பேசி முடித்து வைத்தார்கள். மில் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

ஆபீஸ் ஹாலில் ப்ளைவுட் தடுப்பு வந்தது. இரண்டு டெலிபோன் வந்தது. ஒரே சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்துக்கும் இன்னொரு பிரதி எடுத்து அந்தப் பக்கம் மாட்டினார்கள். பிரிக்க முடியாமல் நின்றது நெல்லையம்மாள்தான். இரண்டு தடுப்புக்கும் நடுவில் ஒரு சின்ன அறை விட்டு, அதற்கு இரண்டு பக்கமும் கதவு வைத்து, அங்கே அவளை உட்கார வைத்தார்கள்.

அண்ணனுக்குத் தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் கிழக்குக் கதவைத் திறந்து அவளிடம் சொல்வார். அவள் எழுந்து மேற்குக் கதவைத் திறந்து சொல்வாள். பதிலும் அதே வழியில் வரும். சொன்னதை மாற்றாமல் சொல்வாள், வசவுகளை மட்டும் எடுத்துவிடுவாள். அதனால் சில நாட்களில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. அப்போதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "பெரியவுக விசாரிச்சாக" என்று சொல்லிவிட்டு வருவாள்.

அவளுடைய கணவர் சங்கரநயினார் பத்திரப் பதிவு ஆபீஸில் கிளார்க். பாகப்பிரிவினைப் பத்திரங்களை நகல் எடுத்து எடுத்துக் கையெழுத்து முத்துமுத்தாக ஆகியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பிரிஞ்சிட்டா சரியாப் போயிரும். சேந்தும் சேராம இருக்கதுதான் கஷ்டம்" என்பார். வேலை நிமித்தமாக வந்த கருத்து என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

எண்பத்தெட்டில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று பெத்துராஜுக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றியது தெரிந்ததும் செல்லச்சாமிக்கும் தோன்றியது. பாங்கில் ஒரு மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் கடன் என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் விற்கிற மதுரைக் கம்பெனிக்காரர் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, ஒரே கடனில் இரண்டு பேருக்கும் தனித்தனி மிஷின் தருவதாகச் சொன்னார். ஒரு பெட்டி, இரண்டு திரை, இரண்டு கீபோர்டு. பெட்டி நடு அறையில் இருக்கும். அவரவர் திரை அவரவர் மேஜையில். அவர் கணக்கை இவர் பார்க்க முடியாது, இவர் கணக்கை அவர் பார்க்க முடியாது. இரண்டு பேருக்கும் கடைசி வாக்கியம் பிடித்துப்போனது.

யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ற கேள்வி எழவில்லை. நெல்லையம்மாள் மதுரைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். கற்றுக்கொடுத்தவன் முகம்மது மைதீன் என்ற இன்ஜினியர், கடையநல்லூர்க்காரன். ஊர்ப் பேச்சு ஒன்றாக இருந்ததால் முதல் நாளிலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்த இரண்டு மிஷினும் பெட்டிக்குள் எங்கே இருக்கின்றன என்று அவள் கேட்டாள்.

"இல்லக்கா" என்றான் மைதீன். "உள்ள இருக்கது ஒரு மிஷின்தான். ஒரு புரோகிராம் அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு, ரெண்டு மிஷின் இருக்கமாரி காட்டுது. வெர்ச்சுவல் மிஷின்னு சொல்லுவாங்க."

"பாவனையா?"

"பாவனைதான்."

"நாடகத்துல ராஜா வேசம் போடுதவன் மாதிரி."

"அவனுக்குத் தான் வேசம்னு தெரியுமேக்கா. இதுக்குத் தெரியாது. எனக்குன்னு ஒரு மிஷின், எனக்குன்னு ஒரு டிஸ்க்குன்னு நெனச்சுக்கிட்டு வேலை பாக்கும். நெசத்துல இருக்க ஒரு டிஸ்க்கை நாமதான் பாதி பாதியாப் பிரிச்சுக் கொடுத்திருக்கோம்."

ஊருக்குத் திரும்பியதும் இதை முதலாளிகளிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கிழக்குக் கதவைத் திறந்து பெத்துராஜிடம் சொன்னாள்.

"மொதலாளி, உள்ள இருக்கது ஒண்ணுதான். ரெண்டா இருக்கதாப் பாவனை பண்ணுது."

பெத்துராஜ் அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்களப் பத்தி மதுரையிலயும் பேசுதாகளா?" என்று கேட்டார்.

மிஷினைப் பற்றித்தான் சொன்னேன் என்றாள். புரிகிறது, புரிகிறது என்று அவர் தலையாட்டி அனுப்பிவிட்டார். மேற்குப் பக்கம் போய்ச் சொன்னபோது செல்லச்சாமி பாதியிலேயே நிறுத்தி, பாவனையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான், இந்தப் பக்கத்தில் கிடையாது என்றார். தன் கடமை முடிந்தது என்று அவள் நாற்காலிக்குத் திரும்பினாள்.

நடு அறைக்கு ஏ.சி. போட்டார்கள். சித்திரை வெயிலில் ஊரிலேயே குளிர்ந்த இடம் அவளுடையது என்று ஆனது. ஆடிட்டர், வரி அதிகாரி, பஞ்சுத் தரகர் என்று எல்லோருக்கும் நெல்லையம்மாளிடம் ஏதோ ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்த பிறகும் உட்கார்ந்திருப்பார்கள்.

கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது. பெத்துராஜ் பக்கம் வேலை அதிகமானால் செல்லச்சாமி பக்கம் கொஞ்சம் மெதுவாகும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று செல்லச்சாமி திரைமேல் எலுமிச்சம்பழம் வைத்தார். எறும்பு வரும் என்று அவள் அதை எடுத்து ஜன்னலில் வைத்தாள். தன் கணக்கு அவருக்குத் தெரிகிறதா என்று இவரும், தன் கணக்கு இவருக்குத் தெரிகிறதா என்று அவரும் அடிக்கடி கேட்பார்கள். தெரியாது என்பாள். அது உண்மை. அதோடு அவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் டிஸ்க்கில் பெத்துராஜின் பாதி நிரம்பிவிட்டது. அவர் யாரையும் நம்பாதவர். நேற்றைய கணக்கு நேற்று இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று தினமும் முழுக் கணக்கையும் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். எதையும் அழிக்க விடமாட்டார். செல்லச்சாமியோ எழுதியதையெல்லாம் மாதம் முடிந்ததும் அச்செடுத்துவிட்டு அழித்துவிடச் சொல்வார். அவருடைய பாதியில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது.

நெல்லையம்மாள் மதுரைக்கு டிரங்கால் போட்டாள். சின்னவர் பக்கம் காலியாக இருப்பதில் கொஞ்சம் எடுத்துப் பெரியவர் பக்கம் கொடுத்தால் போதும், அரை மணி நேர வேலை என்றான் மைதீன். அவள் இதைப் பெத்துராஜிடம் சொன்னாள்.

"அவன் எடத்துல நான் போயி ஒண்டிக்கிடணுமா?" என்றார் பெத்துராஜ். "என் மிஷினுக்கு மட்டும் இன்னொரு டிஸ்க் வாங்கு. அந்தப் பக்கம் தெரியவே கூடாது."

அப்படியானால் பெட்டியை நிறுத்தித் திறக்க வேண்டும், இரண்டு திரையும் அணையும் என்றாள். செல்லச்சாமி கோயம்புத்தூருக்கு நூல் விஷயமாகப் போகிற நாளாகப் பார்த்து மைதீனை வரச் சொல்லும்படி சொன்னார் பெத்துராஜ். நாளும் குறித்துக் கொடுத்தார்.

மைதீன் அந்த டிஸ்க்கை மதுரையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தான். குலுங்கினால் கெட்டுவிடுகிற சாமான். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் கையில் ஏந்தித் தூக்கிக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டு அம்மாள் முட்டையா என்று கேட்டாள். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் ஆமாம் என்றான். அதற்குப் பிறகு பஸ்ஸில் எல்லோரும் ஒத்துழைத்தார்கள். ராஜபாளையத்தில் கூட்டம் ஏறியபோது, முட்டை, முட்டை என்று முன்னால் இருந்தவர்கள் சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

பத்து மணிக்குமேல் வேலை ஆரம்பமானது. நெல்லையம்மாள் இரண்டு பக்கமும் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்தாள். மைதீன் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே பழைய டிஸ்க்குக்குக் கீழே ஒரு காலி இடம் இருந்தது. பெத்துராஜ் கிழக்குக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் அன்றுவரை பார்த்ததில்லை.

அப்போது மேற்குக் கதவு திறந்தது. கோயம்புத்தூர்க்காரர் வர வேண்டாமென்று ஸ்டேஷனுக்கே தந்தி கொடுத்திருந்ததால் செல்லச்சாமி ஸ்டேஷனிலிருந்தே திரும்பிவிட்டார். மேஜைக்கு வந்து பார்த்தால் திரை இருட்டாக இருக்கிறது. நடு அறையில் அண்ணன், கையில் திருப்புளியோடு ஒரு அந்நியன், வயிறு திறந்த பெட்டி.

"என்னோட மிஷின் எங்க?" என்று கேட்டார்.

"இதுதான் மொதலாளி" என்றாள் நெல்லையம்மாள்.

"அப்ப அவுகளோடது?"

"அதுவும் இதுதான்."

செல்லச்சாமி குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பெத்துராஜும் கதவிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். பழைய முதலாளி இறந்த பிறகு அவர்கள் இருவரும் ஒன்றாக எதையாவது பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. பச்சைப் பலகை, தகர டப்பா போல ஒரு டிஸ்க், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒயர்.

"நீ எங்கிட்டச் சொல்லலியே" என்றார் செல்லச்சாமி.

"சொன்னேன் மொதலாளி. மதுரையிலருந்து வந்த அன்னைக்கே சொன்னேன்."

சொன்னாள் என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி பொது என்றால் அதில் சேர்க்கிற டிஸ்க்கும் பொதுதான், அதிலும் பாதி தனக்கு வர வேண்டும் என்று அவரிடம் சொல் என்றார் செல்லச்சாமி. டிஸ்க் தன் பணத்தில் வாங்கியது, பாதியில் பாதிகூடக் கிடையாது என்று அவனிடம் சொல் என்றார் பெத்துராஜ். இருவருக்கும் நடுவில் பெட்டி மட்டும்தான் இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இருவரும் நெல்லையம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவள் அவரிடம் திரும்பி இவர் சொன்னதைச் சொன்னாள். இவரிடம் திரும்பி அவர் சொன்னதைச் சொன்னாள். இன்னும் இரண்டு தடவை அப்படி நடந்தது. பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாங்க சாப்பிட்டுட்டு வாரோம்" என்றாள். "என்ன செய்யணும்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருங்க. கதவ மட்டும் தொறக்காதிய, தூசி போயிரும்."

மில்லில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வேலை நேரத்தில் வெளியே போனதில்லை. வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். மைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. திறந்து கிடக்கிற பெட்டியில் யாராவது கையை வைத்துவிட்டால் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பினான். தொட மாட்டார்கள், இருவருக்கும் பயம் என்றாள் அவள். ரசம் வாங்கிச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்:

"இத்தன வருசம் கதவத் தொறந்து தொறந்து சொன்னேன். அது எனக்கு ஒண்ணும் தோணல. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே எங்கிட்டச் சொல்லச் சொன்னாக பாரு, அப்பத்தான் எனக்கு வெக்கமாப் போச்சு, தம்பி."

மைதீன் அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வந்தபோது நடு அறையின் இரண்டு கதவும் சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு முதலாளிகளும் ஆளுக்கொரு நாற்காலியில், பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெத்துராஜின் கண் சிவந்திருந்தது. ஏ.சி. காற்று நேராக அடிக்கிற நாற்காலி அது என்று மைதீன் பிற்பாடு சொன்னான். அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்குக் கேட்டது இருமல் சத்தம் மட்டும்தான்.

செல்லச்சாமிதான் முதலில் சொன்னார். பழைய டிஸ்க் முழுவதும் தனக்கு, புது டிஸ்க் முழுவதும் அண்ணனுக்கு. அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார். அண்ணன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லாததால் யாரைச் சொல்கிறார் என்று நெல்லையம்மாளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

முடியும் என்றான் மைதீன். புது டிஸ்க்கைக் காலி இடத்தில் வைத்துத் திருகாணி போட்டான். நீ இரண்டாவது என்று அதற்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் முதுகிலிருந்த சின்ன இணைப்பு ஒன்றை இடம் மாற்றிக் குத்தினான். பட்டை ஒயரைச் செருகினான். மின்சாரம் கொடுத்ததும் பெட்டி இரண்டு டிஸ்க் இருப்பதாகச் சொன்னது. பெத்துராஜ் ஓடிப்போய்த் தன் திரையைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கு ஒன்றையும் காணோமே என்றார்.

"பெட்டிக்குத் தெரிஞ்சா போதாது மொதலாளி" என்றான் மைதீன். "உங்க மிஷினுக்கு நாம தனியாச் சொல்லணும். அதுக்குப் பெட்டி ஒண்ணு இருக்கதே தெரியாதுல்லா."

சொன்னான். பிறகு டிஸ்க்கை எழுதுவதற்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போயின. பெத்துராஜ் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கடைசி எண் வரைக்கும் பார்த்தார். மத்தியானத் தூக்கத்துக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. பழைய கணக்கெல்லாம் புது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய டிஸ்க்கில் அவருடைய பாதியை அழித்துத் தம்பி பக்கம் சேர்த்தார்கள். அந்தப் பக்கத் திரையில் புது டிஸ்க் தெரியவில்லை என்பதை நெல்லையம்மாள் பெத்துராஜுக்குக் காட்டினாள். இந்தப் பக்கத் திரையில் பழைய டிஸ்க் தெரியவில்லை என்பதைச் செல்லச்சாமிக்குக் காட்டினாள். இருவருக்கும் திருப்தி.

மறுநாளிலிருந்து அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அதிகம் இல்லை, வேலை விஷயம் மட்டும். நடு அறை வழியாக நேராக நடந்துபோய், நெல்லையம்மாளைத் தாண்டிப் பேசிவிட்டு, அவளைத் தாண்டித் திரும்பி வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்துவிடுவாள். எழுந்த பிறகுதான் தனக்கு வேலையில்லை என்று தெரியும். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில், தொண்டை ஒருமாதிரியாக இருக்கிறது என்றாள். டாக்டரைப் பார்ப்போமா என்றார் சங்கரநயினார். வேண்டாம், பேசாமல் இருந்ததில் வந்தது என்றாள்.

பேச ஆரம்பித்தவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று ஊரில் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. டிஸ்க் விஷயம் சண்டையில்லாமல் முடிந்தது இருவருக்கும் ஒரு தைரியத்தைக் கொடுத்திருந்தது. அதே மாதிரி மில்லையும் பிரித்துக்கொள்ளலாம் என்று, யாரையும் கூப்பிடாமல், அவர்களே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஜின்னிங் அண்ணனுக்கு, நூற்பு தம்பிக்கு. ஐப்பசியில் பத்திரம் பதிவானது. நகல் எடுத்தது சங்கரநயினார்தான். இவ்வளவு சுத்தமான பாகப்பிரிவினையைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

பத்திரத்தில் வராமல் விட்டுப்போனது கம்ப்யூட்டர். அதை அண்ணன் எடுத்தால் தம்பி கணக்கு போய்விடும், தம்பி எடுத்தால் அண்ணன் கணக்கு போய்விடும். நெல்லையம்மாள் யாரிடம் வேலை பார்ப்பது என்பதும் அதே சிக்கல். இரண்டு பேரும் தங்களிடம் வரச் சொல்லிக் கேட்டார்கள். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து இருவரையும் நடு அறைக்கு வரச் சொல்லி, பெட்டியைத் தனக்குக் கொடுத்துவிட்டால் இருவர் கணக்கையும் வெளியிலிருந்தே பார்த்துத் தருவதாகச் சொன்னாள். அது அவள் அவர்களிடம் கேட்ட முதல் விஷயம். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி, "கொடுத்திருவோம்" என்றார்.

வடக்கு ரத வீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். பெட்டியை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்கள். ஏ.சி.யும் கூடவே போனது. தனித்தனி முதலாளிகள் ஆகிவிட்ட இருவருடைய கணக்கும் அங்கே, ஒரே பெட்டிக்குள், ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தது. முகம்மது மைதீன் சவுதிக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து, மூன்றாவது மிஷினை எப்படி உண்டாக்குவது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் சொல்லி அனுப்பித்தான் கதீஜம்மாள் வந்தாள். கடையநல்லூரில் கைலி வியாபாரம். தறிக்கு நூல் கொடுப்பது, கைலி வாங்குவது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அவள்தான். ஏ.சி. காற்றில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கணக்கு வேறு யார் கணக்கோடும் கலக்கக் கூடாது, தனி மிஷினாக வேண்டும் என்றாள். நாளைக்கு உண்டாக்கிவிடலாம் என்றாள் நெல்லையம்மாள்.

"எங்கன வைப்பிய?" என்று கதீஜம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

வழக்கம்போல நெல்லையம்மாள் உள்ளதைச் சொன்னாள். மிஷின் என்று தனியாக எதுவும் வராது, இருக்கிற மாதிரி ஒரு பாவனைதான், ஆனால் வேலையெல்லாம் அதன் பேரில் ஒழுங்காக நடக்கும் என்றாள். சொல்லிவிட்டு, மறுபடி விளக்க வேண்டியிருக்கும் என்று காத்திருந்தாள்.

கதீஜம்மாள் தலையாட்டினாள். "எங்க வீட்டுக்காரவுக துபாய் போயி எட்டு வருசமாச்சு. கடை, பில்லு, பாங்கு எல்லாம் அவுக பேருலதான் ஓடுது. எனக்குப் புரியுது."

கணக்கை யார் பேரில் ஆரம்பிக்கலாம் என்று நெல்லையம்மாள் கேட்டாள்.

கதீஜம்மாள் பெட்டியைப் பார்த்தாள். "இதுலயாவது என் பேரப் போடுங்க" என்றாள்.